முட்டுக்கட்டை: பாடியில் ஒரு பிற்பகல்

பாடி என்னும் ஊர்ப்பெயரைச் சென்னைவாசிகளிடம் சொன்னால் மேம்பாலம் நினைவுக்கு வரும். சற்று வயதானவர்களுக்குப் பிரிட்டானியா நிறுத்தமும் அங்கே வீசும் பிஸ்கட் மணமும் நினைவுக்கு வரும். தேவாரத்தில் ஈடுபாடு உடையவர்களுக்கோ திருவலிதாயம் நினைவுக்கு வரும். திருஞானசம்பந்தரின் முதல் திருமுறையில் மூன்றாம் பதிகம் இத்தலத்திற்கு உரியது. பரத்வாச முனிவர் வலியன் என்னும் கரிக்குருவியின் வடிவெடுத்து இறைவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. வலியன் வழிபட்டதால் வலிதாயம். பாடி என்னும் சொல்லுக்குப் படை தங்கும் பாசறை என்றும், சிற்றூர் என்றும் நிகண்டுகளும் அகராதிகளும் பொருள் தருகின்றன.

எங்கள் குழு சென்ற மாதம் திருவலிதாயம் சென்றது தூங்கானை மாட விமானத்தைப் பார்ப்பதற்காகத்தான். வியாழக்கிழமையில் புறப்பட்டது எங்கள் பிழை; குரு பகவானைத் தரிசிக்க வந்த கூட்டத்தில் விமானத்தைச் சுற்றி நின்று அளவெடுக்க இயலவில்லை. ஜகதாம்பிகையை வணங்கிவிட்டு, விமான ஆய்வை வேறொரு நாளைக்கு ஒத்திவைத்து, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பேருந்து ஏறினோம். இக்கட்டுரை அந்தப் பேருந்தில் பிறந்தது. எனவே கல்வெட்டுகளை எதிர்பார்த்து வந்த வாசகர்கள் இம்முறை எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

குறுக்கே வந்த ஆட்டோ ஒன்றுக்காக ஓட்டுநர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். நின்றிருந்த நாங்கள் அனைவரும் வரிசையாக முன்னால் சாய்ந்தோம். முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டியம்மாளின் தோளில் எங்களில் ஒருவர் கிட்டத்தட்ட விழுந்தேவிட்டார். மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மாள் சினக்கவில்லை. "பின்னாடி யாரும் தள்ளலியே, அப்புறம் ஏம்ப்பா இத்தினி பேரும் வந்து வுழுறீங்க?" என்று வியப்போடுதான் கேட்டார்.

எங்களுள் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவர் இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கியபின், "மனித குலம் அந்தக் கேள்விக்குச் சரியான விடை காண ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது" என்றார். அவ்வாறு சொன்ன இடமும் பொருத்தமான இடம். அந்தச் சாலையை ஒட்டித்தான் பாடியின் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 1911ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தோர், 1960களின் தொடக்கத்தில் பிரித்தானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து இங்கே அடுத்தடுத்து ஆலைகளை நிறுவினார்கள். இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்ய லூகாஸ் டிவிஎஸ். சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் செய்ய பிரேக்ஸ் இந்தியா. காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன். பின்னிரண்டும் 1962ஆம் ஆண்டில் தோன்றியவை. ஒரு வண்டி புறப்படுவதும் உருள்வதும் நிற்பதுமாகிய மூன்றையும் ஓர் ஊரே செய்து தருகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புறப்படுவதற்கு ஓர் ஆலை, நிறுத்துவதற்கோ இரண்டு.

ஏன் நிறுத்துவதற்கு இத்தனை முயற்சி? வண்டி தானாகவே நின்றுவிடாதா?

தானாகவே நின்றுவிடும் என்பதுதான் பழைய நம்பிக்கை. மாடு இழுக்கும்வரை வண்டி ஓடுகிறது. மாட்டை அவிழ்த்தால் நிற்கிறது. ஆகவே இயக்கம் என்பது இயக்குபவர் ஒருவர் இருக்கும்வரைதான் என்று கிரேக்கத்து அரிஸ்டாட்டில் கருதினார். கையை விட்டு அகன்ற ஈட்டி ஏன் தொடர்ந்து பறக்கிறது என்னும் கேள்விக்கு, ஈட்டியைச் சூழ்ந்த காற்றே அதைத் தள்ளிச் செல்கிறது என்று அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாட்டில் வைசேடிகர்கள் இதே கேள்வியை அம்பை வைத்து எழுப்பினார்கள். நாணின் உந்துதலால் அம்புக்கு முதல் அசைவு உண்டாகிறது. அந்த அசைவு அம்பில் 'வேகம்' என்னும் ஒரு சம்ஸ்காரத்தைப் பதிக்கிறது. அடுத்தடுத்த அசைவுகள் அந்தப் பதிவினால் நிகழ்கின்றன. அது தீர்ந்தபின் கனத்தினால் அம்பு விழுகிறது. காற்று தள்ளுகிறது என்பதைவிட இது எவ்வளவோ மேலான விளக்கம். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களின் திறம் கேட்ட காதையில் வைசேடிகவாதியும் ஒருவன் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இத்தகைய வாதங்கள் தமிழ் மண்ணுக்கு அந்நியமானவை அல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் இதைக் கொண்டு 'நியூட்டனுக்கு முன்பே நாம் கண்டோம்' என்று மார்தட்டுவோரோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. வைசேடிகரின் அம்பிலும் இயக்கம் ஒரு சேமிப்புப் பொருள்தான்; செலவாகித் தீர்ந்துவிடக் கூடியது. தீராது என்று சொல்லும் துணிவு பின்னால்தான் வந்தது.

அந்தத் துணிவு கலிலியோவுடையது. சரிவுப் பலகையில் அவர் உருட்டிய பந்துகளைப் பற்றிப் பாடநூல்களில் படித்திருப்போம். உருளும் நேரத்தை அளக்க அவரிடம் நொடி காட்டும் கடிகாரம் இல்லை. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழும் நீரைப் பிடித்து எடைபோட்டு நேரத்தை அளந்தார். சம அளவுள்ள நேரத் துண்டுகளில் பந்து கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களாக வளர்வதைக் கண்டார். இரண்டு சரிவுகளை எதிரெதிரே வைத்தால், ஒன்றில் இறங்கிய பந்து மற்றொன்றில் ஏறத்தாழ அதே உயரத்திற்கு ஏற முயல்கிறது. இரண்டாம் சரிவைச் சாய்க்கச் சாய்க்க, அந்த உயரத்தை எட்ட அது மேலும் மேலும் நெடுந்தொலைவு ஓட வேண்டியதாகிறது. சரிவை முற்றிலும் கிடையாக்கிவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் வரவே வராது. பந்து நிற்பதற்குக் காரணமும் இராது. இவ்வாய்வுகளின் சாரம் 1638ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் நூலாக வெளிவந்தது. அப்படி ஓடும் பொருள் நேர்கோட்டில்தான் ஓடும் என்பதைத் தெளிவாக வரையறுத்தவர் பிரெஞ்சு நாட்டு தெக்கார்த்; 1644இல். இவற்றைத் தம் முதல் விதியாக்கி 1687ஆம் ஆண்டில் நியூட்டன் நூல் செய்தார். விசை இல்லாவிடில் நின்றது நிற்கும், ஓடுவது நேர்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடும். விசை என்பது இயக்கத்தின் காரணம் அன்று. இயக்கத்தில் நேரும் மாற்றத்தின் காரணம்.

பாட்டியம்மாளின் கேள்விக்கு விடை இதுதான். எங்களை யாரும் தள்ளவில்லை. பேருந்தோடு நாங்களும் ஓடிக்கொண்டிருந்தோம். பேருந்து தன் வேகத்தைக் குறைத்தபோது, அதன் தளத்தைத் தொட்டிருந்த எங்கள் பாதங்களும் வேகம் குறைந்தன. இடுப்புக்கு மேற்பட்ட உடலுக்கு அந்தச் செய்தி சற்றுத் தாமதமாகவே கிடைத்தது.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 'விசை' பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் அது கவண்கல்லின் கடுமையான வேகத்தையும் குறிக்கும். வேகத்திற்கும் உந்துதலுக்கும் ஒரே சொல்! அரிஸ்டாட்டில் கருத்தளவில் செய்த கலப்பை நம் மொழியும் செய்திருக்கிறது. உலகத்து மொழிகள் பலவும் இப்படித்தான். இருபதாம் நூற்றாண்டில் தமிழில் அறிவியல் எழுத முனைந்தவர்கள் இவற்றைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலானோர் பரிபாஷைச் சங்கம் ஒன்றைத் தொடங்கியது இத்தகைய தேவைக்காகத்தான். பெ.நா. அப்புசாமி பல பத்தாண்டுகள் இதற்காக உழைத்தார். கடைசியில் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'விசை' உந்துதலுக்கு ஒதுக்கப்பட்டது. 'வேகம்' திசை சாராத விரைவுக்கும், 'திசைவேகம்' திசையோடு கூடிய விரைவுக்கும் ஆயின. ஆனால் பாக்கு நீரிணையைக் கடந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஈழத்துப் பாடநூலில் 'வேகம்' என்றால் திசையோடு கூடியது. திசை சாராதது 'கதி'. இங்கே 'முடுக்கம்' என்பது அங்கே 'ஆர்முடுகல்'; வேகம் குறைவது இங்கே 'எதிர்முடுக்கம்', அங்கே 'அமர்முடுகல்'. பிரேக் போட்ட வண்டி அமர்ந்து முடுகுகிறது என்னும் கற்பனை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டார் அதை இரவல் பெறலாம். யாழ்ப்பாணத்து மாணவரும் சென்னை மாணவரும் ஒரே கணக்கைத் தமிழில் போட்டு, 'வேகம் யாது?' என்பதற்கு இருவேறு விடை எழுதி, இருவருமே முழு மதிப்பெண் பெற முடியும்.

சொல்லைப் பற்றிப் பேச்சு எழுந்ததால்தான் 'முட்டுக்கட்டை' எங்கள் நினைவுக்கு வந்தது. ஒரு நல்ல காரியத்தைக் கெடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், முட்டுக்கட்டை போடுபவர் இல்லாமல் தேர் ஓடாது, ஓடவும் கூடாது.

தேரோட்டத்தை இயற்பியல் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்தும் தேர் முதலில் அசையாது. பின்சக்கரங்களின் அடியில் நெம்புகட்டை கொடுத்து உந்த வேண்டும். கிளம்பிவிட்டாலோ அத்தனை இழுவிசை தேவைப்படுவதில்லை. நிலையான சக்கரத்தைப் பெயர்ப்பதற்கு வேண்டிய விசை பெரிது, பெயர்ந்ததை உருட்டுவதற்கு வேண்டியது சிறிது. வடத்தை அனைவரும் விட்டுவிட்டாலும் தேர் உடனே நின்றுவிடாது. அங்கேதான் முட்டுக்கட்டைக்காரர்கள் வருகிறார்கள். கையில் ஆப்பு வடிவக் கட்டையோடு சக்கரத்தின் அருகிலேயே நடந்து, உரிய நொடியில் அதைச் சக்கரத்தின் முன்னே செருகிவிட்டுக் கையை மீட்டுக்கொள்ள வேண்டும். சற்றுப் பிசகினால் கை போகும், உயிரும் போகும். தேரை நேரே செலுத்துவதும், மூலையில் திருப்புவதும் அந்தக் கட்டைகளே. தமிழ்நாட்டின் பழைய பிரேக் தொழில்நுட்பர்கள் இவர்கள்தாம். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையதென்பர். திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சும் நீரியல் பிரேக்கும் பொருத்தித் தந்தபின் அங்கே அச்சம் பெருமளவு குறைந்தது.

தேரைவிட வேகமாக ஓடும் ஒன்று 1856ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்தது. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அமைந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அவ்வாண்டு ஜூலை 1 அன்று மக்கள் பயணத்திற்குத் திறக்கப்பட்டது. பாடிக்கு வடக்கே கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே செல்லும் வழி அதுதான். இரும்பின் மேல் இரும்பு உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. சிறிய எஞ்சின் பெரும் பாரத்தை இழுப்பது அதனால்தான். இதே நன்மை, நிறுத்தும்போது தீமையாகிவிடுகிறது. அக்காலத்துத் தொடர்வண்டிகளில் எஞ்சினிலும், கார்டு நிற்கும் பெட்டி போன்ற ஒன்றிரண்டிலும் மட்டுமே கையால் திருகும் பிரேக்குகள் இருக்கும். ஓட்டுநர் ஊதல் ஒலிக்க, அதைக் கேட்டுக் கார்டு திருகத் தொடங்குவார். நடுவிலுள்ள பெட்டிகள் தம் போக்கில் முட்டி மோதிக்கொண்டு வந்து சேரும்.

இதன் விலையை உலகம் அறிந்த நாள் 1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறுபள்ளிக் குழந்தைகள் நிறைந்த சுற்றுலா வண்டி ஒன்று புறப்பட்டது. 75 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் எஞ்சின் திணறி நின்றது. முன்பாதிப் பெட்டிகளை மட்டும் முதலில் மேலே கொண்டுபோவது என்று முடிவு செய்து, பின்பாதியைக் கழற்றினார்கள். அந்த வண்டியில் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான வெற்றிட பிரேக் இருந்தது. ஆனால் எஞ்சினோடு இணைந்திருக்கும்வரை மட்டுமே இயங்கும் எளிய வகை. கழற்றியதும் பின்பெட்டிகளின் பிரேக் செயலிழந்தது. எஞ்சியவை ஒரு கைப் பிரேக்கும், சக்கரங்களின் கீழ் வைத்த கற்களும். ஆம், முட்டுக்கட்டைதான்! முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னோக்கி நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடத் தொடங்கின. கலிலியோவின் பந்து போலவே நொடிக்கு நொடி வேகம் கூடி, கீழிருந்து வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியில் மோதின. இறந்தோர் 80 பேர். அவர்களில் குழந்தைகள் பலர். பெட்டிகள் அனைத்திற்கும் தானியங்கி பிரேக் கட்டாயம் என்ற சட்டம் அவ்வாண்டிலேயே பிரித்தானியாவில் நிறைவேறியது.

'தானியங்கி' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் அமைத்த முதல் காற்று பிரேக்கிலும் ஆர்மாவின் குறை இருந்தது: காற்றைச் செலுத்தினால் பிரேக் பிடிக்கும், குழாய் அறுந்தால் பிடிக்காது. 1872இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள கலத்தில் சேமித்த காற்று பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். வண்டி இரண்டாக அறுந்தால் இரண்டு துண்டுகளும் தாமே நிற்கும். இந்திய இருப்புப்பாதைகளில் நெடுங்காலம் கோலோச்சிய வெற்றிட பிரேக்கும் இதே தலைகீழ்த் தத்துவத்தில் இயங்கிய தானியங்கி வகையே. பின்னர் அதன் இடத்தைக் காற்று பிரேக் படிப்படியாகப் பிடித்தது.

லாரிக்கும் பேருந்துக்கும் உரிய காற்று பிரேக்கை இந்தியாவில் முதலில் செய்தது பாடியின் சுந்தரம் கிளேட்டன். இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு கூட்டு. அதன் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. பின்னர் அப்பிரிவு வாப்கோ என்னும் பெயரில் தனியாகி, 2020 முதல் ஜெர்மனியின் இசட்.எஃப். குழுமத்தைச் சார்ந்துள்ளது. பேருந்தின் கால் பிரேக் நேரான வகை: மிதித்தால் காற்று செல்லும், பிடிக்கும். ஆனால் நிறுத்தி வைக்கும் பிரேக்கில் வெஸ்டிங்ஹவுஸின் தலைகீழ் புத்தி வாழ்கிறது. பின்சக்கரத்தருகே உள்ள கலத்தில் வலிய சுருள்வில் ஒன்று எந்நேரமும் பிரேக்கைப் பிடிக்கத் துடித்துக்கொண்டிருக்கும்; காற்றழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் வில் வென்றுவிடும். காலையில் பணிமனையில் பேருந்துகள் உறுமியபடி நகராமல் நிற்பதைக் கண்டு 'எரிபொருளை வீணடிக்கிறார்களே' என்று நாங்கள் முன்பு பேசியதுண்டு. கலத்தில் காற்று நிரம்பக் காத்திருக்கிறார்கள் என்பதை நண்பர் சொல்லித்தான் அறிந்தோம்.

இன்னொன்றையும் அவர் திருத்தினார். பிரேக் பேருந்தை நிறுத்துவதில்லையாம்! பிரேக் சக்கரத்தை மட்டுமே நிறுத்துகிறது. அது வண்டிக்குள் நிகழும் சங்கதி. வண்டியை நிறுத்தும் விசை வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது சாலை டயரின் மேல் செலுத்தும் உராய்வு. ஒருகாலத்தில் அம்பத்தூரில் இயங்கிய டன்லப் டயர் ஆலையையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். மழை பெய்து சாலை வழுக்கினால், பாடியில் செய்த பிரேக் எத்தனை நேர்த்தியாக இருந்தும் என்ன பயன்?

தேநீர்க் கடையில் ஒரு காகிதத்தை வாங்கி நண்பர் கணக்குப் போட்டுக் காட்டினார். காய்ந்த சாலையில் நல்ல பிரேக், நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பதாகக் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11 மீட்டர். நிற்க ஏறத்தாழ 12 மீட்டர் வேண்டும். வேகத்தை இரட்டித்து 80 ஆக்கினால் 24 மீட்டர் போதும் என்று நாங்கள் நால்வரும் சொன்னோம். நால்வரும் தவறு. 49 மீட்டர்! வேகம் இரட்டித்தால் தொலைவு நான்கு மடங்கு. கலிலியோவின் 1, 3, 5, 7 இங்கே 7, 5, 3, 1 என்று பின்னோக்கி ஓடுகிறது. நிற்கப்போகும் வண்டி தன் பயணத்தின் பெரும்பகுதியை முதல் கணங்களிலேயே விழுங்கிவிடுகிறது. ஓட்டுநர் கண்டு மிதிக்க ஒரு நொடி ஆகும் என்றால், அந்த நொடியில் கடக்கும் 11 அல்லது 22 மீட்டரையும் இதோடு கூட்ட வேண்டும்.

அடுத்த கணக்கு தொடர்வண்டிக்கு. மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர். இரும்பின் மேல் இரும்பு என்பதால் நொடிக்கு அரை மீட்டர் வீதமே வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்க 625 மீட்டர் தேவை. எங்களில் இருவர் அம்பத்தூர்ப் பகுதியில் வளர்ந்தவர்கள். படிப்பாலம் ஏறச் சோம்பல்பட்டு, 'தூரத்தில்தானே வருகிறது, ஓட்டுநர் பார்த்துக்கொள்வார்' என்று தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த நாட்களை நினைத்து இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. ஓட்டுநர் பார்த்துத்தான் இருப்பார். பார்த்து, பிரேக்கையும் பிடித்திருப்பார். அறுநூறு மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு நிலைய மேடையின் இரு மடங்கு.

காகிதத்தை நண்பர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பிச் செல்லும் பேருந்து வந்து நின்றது. ஏறுவோரும் இறங்குவோரும் முண்டியடிக்கும் அந்த நேரத்தில், வண்டியின் அடியிலிருந்து 'புஸ்'ஸென்று ஒரு பெருமூச்சு எழுந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த ஓசையை எத்தனையோ ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். சுருள்வில்லை அடக்கி வைத்திருந்த காற்று வெளியேறும் ஓசை அது என்று அன்றுதான் தெரிந்துகொண்டு, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டோம்.